தஞ்சாவூர் பாலசரஸ்வதி: ஒரு வீட்டுப் பெண்கள் காப்பாற்றிய கலை



உங்கள் வீட்டில் மகளோ பேத்தியோ பரதநாட்டியம் கற்றுக்கொள்கிறாளா? வகுப்புக் கட்டணம், சலங்கை, அரங்கேற்றச் செலவு எல்லாம் உங்களுக்கு அத்துப்படியாக இருக்கும். ஆனால் இந்தக் கலையைக் கற்பது கௌரவக் குறைச்சல் என்று ஊரே நினைத்த காலம் ஒன்று இருந்தது. அப்போது இதைக் கைவிடாமல் காப்பாற்றியவர்களில் முக்கியமானவர் தஞ்சாவூர் பாலசரஸ்வதி அம்மையார். இந்த இதழில் அவரைப் பற்றிச் சொல்கிறேன்.

பெயரில் தஞ்சாவூர் இருந்தாலும் அவர் பிறந்தது சென்னையில், 1918 மே 13 அன்று. முன்னோர்கள் தஞ்சாவூர் அரண்மனையில் பாடியும் ஆடியும் வந்தவர்கள். கோயிலுக்கும் அரசவைக்கும் கலைத்தொண்டு செய்த இசை வேளாளர் மரபு அது. அந்தக் குடும்பங்களில் வித்தை தாயிடமிருந்து மகளுக்குப் போகும். வீட்டின் தலைமையும் பெண்களிடமே இருக்கும்.

பாலாவின் பாட்டி வீணை தனம்மாள். 1867-ல் பிறந்து 1938-ல் மறைந்தவர். ஜார்ஜ் டவுனில் இருந்த அவருடைய வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வீணை வாசிப்பார். பெரிய பெரிய வித்வான்கள் வந்து சத்தமில்லாமல் உட்கார்ந்து கேட்பார்கள். பிற்காலத்தில் தனம்மாளுக்குப் பார்வை போய்விட்டது. ஆனாலும் வாசிப்பில் குறை வைத்ததில்லை. நான்கு மகள்கள், பேத்திகள், பேரன்கள் எல்லோரும் அந்த இசையைக் கேட்டே வளர்ந்தார்கள். பதம், ஜாவளி பாடுவதில் பின்னாளில் பெயர் பெற்ற பிருந்தாவும் முக்தாவும் பாலாவுக்குத் தாய்வழிச் சகோதரிகள் முறைதான்.

இப்படிப்பட்ட வீட்டிலும் பாலா நடனம் கற்பதற்கு எதிர்ப்பு இருந்தது. பாட்டு என்றால் சபைகளில் மதிப்பு உண்டு. ஆட்டம் என்றால் ஊர் வேறு மாதிரிப் பேசும். ஆனால் மயிலாப்பூர் கௌரி அம்மாள் ஆடுவதைப் பார்த்த குழந்தைக்கு நாட்டியத்தின் மேல்தான் ஆசை. அம்மா ஜெயம்மாள் மகளின் பக்கம் நின்றார். தஞ்சை நால்வர் வழிவந்த கந்தப்பப் பிள்ளையிடம் சேர்த்துவிட்டார். அவர் மிகவும் கண்டிப்பானவர். ஒரு அடவு சரியாக வரும்வரை அடுத்ததற்குப் போக விடமாட்டார். 1925-ல், ஏழு வயதில், காஞ்சிபுரத்தில் ஒரு அம்மன் கோயிலில் பாலாவின் அரங்கேற்றம் நடந்தது.

1934-ல் கல்கத்தாவில் ஆடினார். தென்னாட்டுக்கு வெளியே இந்த நாட்டியம் அறிமுகமானதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அம்மா ஜெயம்மாள் மேடையில் உட்கார்ந்து பாடுவார், மகள் ஆடுவார். ஆடும்போதே தானும் சேர்ந்து பாடுவது பாலாவின் தனி வழக்கம். ஒரே வரியை அம்மா திரும்பத் திரும்பப் பாட, மகள் ஒவ்வொரு முறையும் வேறு வேறு பொருளை முகத்திலும் கையிலும் காட்டுவார்.

பிறகு கஷ்ட காலம் வந்தது. 1941-ல் குரு கந்தப்பப் பிள்ளை காலமானார். பாலாவின் உடல்நிலையும் கெட்டது. 1947-ல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. சின்னஞ்சிறு பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டிவிடும் வழக்கத்தால் எத்தனையோ பேர் வாழ்க்கை கெட்டது. அதை நிறுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பல ஆண்டுகள் போராடினார். அவருடைய நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பெண்களிடம் இருந்த வித்தைக்கு இனி எங்கே இடம் என்ற கேள்விக்குச் சட்டத்தில் பதில் இல்லை. அதே காலத்தில் மற்ற குடும்பத்துப் பெண்கள் நாட்டியம் கற்க வந்தார்கள், அவர்களுக்கு மேடையும் மரியாதையும் கிடைத்தன. தலைமுறை தலைமுறையாக ஆடிவந்த பல குடும்பத்துப் பெண்களோ சலங்கையைக் கழற்றி வைத்துவிட்டு, தாங்கள் யார் என்பதையே மறைத்து வாழ வேண்டியதாயிற்று.

பாலா தன் குடும்பத்தை மறைக்கவில்லை. இங்கே நம் மாவட்டத்தோடு தொடர்புள்ள ஒரு செய்தி உண்டு. திருத்தணி முருகன் சந்நிதியில் ஆட வேண்டும் என்று அவருக்கு ஒரு பிரார்த்தனை இருந்தது. சட்டப்படி கோயிலில் ஆட முடியாது. ஆனாலும் கோயிலில் இருந்தவர்களிடம் கெஞ்சிக் கேட்டு, கூட்டமில்லாத நேரத்தில் முருகனுக்கு முன்னால் ஆடி அதை நிறைவேற்றினார் என்று அவர் வரலாற்றை அறிந்தவர்கள் சொல்கிறார்கள். கைதட்ட ஆள் இல்லாத அந்த ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள்.

அதன்பின் கற்றுக்கொடுப்பதில் இறங்கினார். 1950-களில் சென்னை மியூசிக் அகாடமியின் ஆதரவில் அவருடைய நாட்டியப் பள்ளி தொடங்கியது. கந்தப்பப் பிள்ளையின் மகன் கணேசன் உடன் நின்றார். 1961-ல் டோக்கியோ, 1962-ல் அமெரிக்கா, 1963-ல் எடின்பரோ விழா என்று உலகமே அழைத்தது. அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகம் உட்படப் பல இடங்களில் பாடம் நடத்தினார். தம்பிகள் மிருதங்கம் ரங்கநாதனும் புல்லாங்குழல் விஸ்வநாதனும் அதே பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களாக இருந்தார்கள். ஜார்ஜ் டவுன் வீட்டுச் சங்கீதத்தை அமெரிக்க மாணவர்கள் உட்கார்ந்து படித்தார்கள்.

மாணவர்களுக்கு அவர் எதையும் குறைத்துக் கொடுத்ததில்லை. சிருங்காரம் கொச்சையானது, அதை நீக்கிவிட்டால்தான் நாட்டியம் தூய்மையாகும் என்று அப்போது பலர் சொன்னார்கள். பாலா அதை ஏற்கவில்லை. சிருங்காரம் பக்திக்கு விரோதமானதில்லை, பக்திக்குள்ளேயே இருப்பது என்பது அவர் கொள்கை. 1975-ல் தமிழ் இசைச் சங்க விழாவில் பேசியபோது, நாட்டியக் கச்சேரியைக் கோயிலுக்கு ஒப்பிட்டு விளக்கினார். அலாரிப்பு கோபுர வாசல். அங்கே தொடங்கி ஒவ்வொரு மண்டபமாகக் கடந்து, கடைசியில் கர்ப்பகிரகத்துக்கு முன் நிற்பதுபோல உருப்படிகளின் வரிசை அமைந்திருக்கிறது என்றார். கோயிலில் ஆட இடம் மறுக்கப்பட்டவர், நாட்டியத்துக்குள்ளேயே கோயிலைக் காட்டினார்.

மரியாதைகள் தேடி வந்தன. 1955-ல் சங்கீத நாடக அகாடமி விருது, 1957-ல் பத்மபூஷண், 1977-ல் பத்மவிபூஷண். இசைக் கலைஞர்களுக்கே கிடைத்து வந்த மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி பட்டம் 1973-ல் நாட்டியக் கலைஞரான இவருக்குக் கிடைத்தது. சத்யஜித் ரே 1976-ல் பாலா என்ற பெயரிலேயே ஒரு ஆவணப்படம் எடுத்தார். 1984 பிப்ரவரி 9 அன்று அம்மையார் மறைந்தார்.

அவருடைய மகள் லட்சுமி அமெரிக்கரான டக்ளஸ் நைட்டை மணந்தார், தாயின் வழியிலேயே ஆடினார். பேரன் அனிருத்தா நைட்டும் அதே வழியில் ஆடுகிறார். வீட்டுப் பெண்களிடம் இருந்த வித்தை இப்போது ஒரு பேரன் கையிலும் இருக்கிறது.

ஒரு யோசனை. ரேயின் படம் அரை மணி நேரம்தான் ஓடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். கடற்கரைக் காற்றில் புடவை பறக்க, அறுபதை நெருங்கும் ஒரு அம்மா கண்ணனைக் கூப்பிட்டு ஆடுவதைக் காணலாம். அடுத்த முறை திருத்தணிக்குப் படியேறும்போது பாலசரஸ்வதி என்ற பெயரையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அவர்கள் காலில் கட்டியிருக்கும் சலங்கை யார் யார் கைமாறி வந்தது என்று தெரிந்து ஆடட்டும்.