ஆதாரம் கேட்ட பாதிரியார் ஜான் விக்லிஃப்

ஒரு வழக்கம் நெடுங்காலமாக நடந்து வருகிறது என்பதற்காகவே அது மார்க்கமாகி விடுமா? வேதத்தில் அதற்கு ஆதாரம் இருக்க வேண்டாமா? இக்கேள்வி நமக்குப் புதிதன்று. அறுநூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் தம் சபையை நோக்கி இதே கேள்வியைக் கேட்டார். அதனால் எழுந்த சினம் அவர் இறந்து 43 ஆண்டுகள் கழிந்த பின்னும் அடங்கவில்லை. அவருடைய எலும்புகளைத் தோண்டி எடுத்து எரித்தார்கள். அவர்தாம் ஜான் விக்லிஃப். அவருடைய வரலாற்றைச் சற்று பார்ப்போம்.

யார்க்‌ஷயரில் 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிறந்த விக்லிஃப், ஆக்ஸ்ஃபோர்டு சர்வகலாசாலையில் கற்று, அங்கேயே பேலியல் கல்லூரியின் தலைவராகவும் சமய சாஸ்திர ஆசிரியராகவும் விளங்கினார். 1374இல் லட்டர்வொர்த் என்னும் ஊரின் பாதிரியாராக நியமிக்கப்பட்டார்.

அன்று போப்பாண்டவர் ரோமாபுரியில் இல்லை. 1309 முதல் போப்புகள் அவிக்னான் நகரில் தங்கி, பிரெஞ்சு அரசரின் நிழலில் இருந்து வந்தனர். இங்கிலாந்தோ பிரான்சுடன் போரிட்டுக் கொண்டிருந்தது. ஆண்டுக்கு ஆயிரம் மார்க் கப்பம் கட்டுவதாக ஜான் மன்னர் 1213இல் போப்புக்கு வாக்களித்திருந்தார். அதனை இனிக் கட்ட முடியாதென்று 1366இல் பார்லிமெண்ட் மறுத்துவிட்டது. போப்பின் பிரதிநிதிகளுடன் பேச 1374இல் ப்ரூஜ் நகருக்குச் சென்ற அரச தூதுக் குழுவில் விக்லிஃபும் ஒருவர். திரும்பி வந்தவர், பாவத்தில் மூழ்கிய குருமாருக்குச் சொத்துரிமை இல்லை. அதனை அரசன் எடுத்துக் கொள்ளலாம் என்று எழுதினார். பிரபுக்கள் மகிழ்ந்தனர். அரச குமாரரான காண்ட் ஜான் பிரபு அவருக்குப் புரவலரானார்.

1377 பிப்ரவரியில் லண்டன் செயின்ட் பால் ஆலயத்தில் விசாரணைக்கு அழைக்கப்பட்டபோது, அப்பிரபுவே உடன் சென்றார். பிரபுவுக்கும் பிஷப் கோர்ட்டனிக்கும் வாய்ச்சண்டை மூண்டு, கூட்டம் கலவரத்தில் கலைந்தது. அவ்வாண்டே போப் பதினோராம் கிரகோரி ஐந்து ஆணைகள் பிறப்பித்து விக்லிஃபைக் கண்டித்தார். அவற்றால் பெரிய பயனேதும் விளையவில்லை.

இங்கு நாம் ஒன்றை மறைக்க வேண்டியதில்லை. இதுவரை அவர் பேசியது பிரபுக்களின் பணப்பைக்கு இதமானது. தாம் சென்று பணி புரியாத ஊரின் திருச்சபை வருமானத்தை அவரும் பெற்று வந்தார். அவர் குறையற்றவர் அல்லர்.

1378இல் ரோமில் ஒருவரும் அவிக்னானில் ஒருவருமாக இரண்டு போப்புகள் தோன்றி, ஒருவரை ஒருவர் சபித்துக் கொண்டனர். அதே ஆண்டில் வேதத்தின் உண்மை குறித்து விக்லிஃப் ஒரு பெருநூல் எழுதினார். சபையின் ஒவ்வொரு போதனைக்கும் பைபிளே அளவுகோல் என்பதே அதன் சாரம். அந்த அளவுகோலைக் கையில் எடுத்த பின் அவர் எங்கும் நிற்கவில்லை. சபையின் தலைவர் கிறிஸ்துவே என்றார். உண்மையாக மனம் வருந்தியவனுக்குக் குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்வது அவசியமில்லை என்றார். 1383இல் ஒரு போப்பின் ஆதரவாளர்கள் மற்றவர் தரப்பை எதிர்த்து ஃபிளாண்டர்ஸ் நாட்டுக்குப் படையெடுத்தபோது, அதில் சேருவோருக்குப் பாவத் தண்டனைக் குறைப்பு வழங்கப்பட்டதை வன்மையாகக் கண்டித்தார்.

ஆனால் அவரை உண்மையில் தனிமைப்படுத்தியது அப்பத்தைப் பற்றிய கேள்வியே. பூசையில் குரு ஆசீர்வதித்த பின் அப்பத்திலும் ரசத்திலும் வெளித்தோற்றம் மட்டுமே எஞ்சும். உட்பொருள் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாக மாறிவிடும் என்பது 1215இல் லாத்தரன் சங்கம் உறுதி செய்த கொள்கை. கிறிஸ்து அங்கு ஆன்மிக வகையில் இருக்கிறார் என்பதை விக்லிஃப் மறுக்கவில்லை. ஆனால் அப்பம் அப்பமாகவே இருக்கிறது என்றார். அது மாறிவிடுவதாக வேதத்தில் இல்லை என்றார்.

குருமாரின் மகிமை முழுவதும் இக்கொள்கையின் மேல் நின்றது. ஆக்ஸ்ஃபோர்டில் பன்னிருவர் குழு கூடி அவர் கருத்தைக் கண்டித்தது. இதைப் பற்றிப் பேச வேண்டாமென்று காண்ட் பிரபுவும் தடுத்தார். அன்று வாய் மூடியிருந்தால் பதவியும் பாதுகாப்பும் நிலைத்திருக்கும். விக்லிஃப் இணங்கவில்லை. புரவலரை இழந்தார்.

1381இல் குடியானவர் கலகம் வெடித்து, கான்டர்பரி ஆர்ச்பிஷப் கொல்லப்பட்டார். அவ்விடத்துக்கு வந்தவர் பழைய எதிரியான கோர்ட்டனி. 1382 மே மாதம் அவர் கூட்டிய சபை விக்லிஃபின் 24 கருத்துகளைக் கண்டித்தது. சபை கூடியிருந்தபோது பூமி அதிர்ந்தது. இரு தரப்பாரும் அதனைத் தத்தமக்குச் சாதகமான அடையாளமாகக் கொண்டனர்.

ஆக்ஸ்ஃபோர்டு கைவிட்டபின் லட்டர்வொர்த்தில் ஒதுங்கினார். அளவுகோல் வேதமெனில், அது பாமரனின் கையிலும் இருக்க வேண்டுமல்லவா? அன்று அது குருமார் அறிந்த லத்தீனில் இருந்தது. விக்லிஃபின் தூண்டுதலால், அவரைச் சார்ந்தோர் லத்தீன் பைபிள் முழுவதையும் ஆங்கிலத்தில் பெயர்த்தனர். அச்சு இயந்திரம் இல்லாத காலம். கையாலேயே பிரதி எடுத்தனர். பின்னர் 1409இல் அனுமதியின்றி வேதத்தைப் பெயர்ப்பதும் அத்தகைய பெயர்ப்பைப் படிப்பதும் தடை செய்யப்பட்டன. அப்படியும் சுமார் 250 கையெழுத்துப் பிரதிகள் இன்றும் எஞ்சியுள்ளன.

1384 டிசம்பரில் தம் ஆலயத்தில் பூசையின்போது வாத நோய் தாக்கி வீழ்ந்தவர், 31ஆம் தேதி காலமானார். இறுதிவரை அவர் பாதிரியாராகவே இருந்தார். 1415இல் கான்ஸ்டன்ஸ் சங்கம் அவரைப் பதிதர் என அறிவித்தது. அவர் நூல்களால் ஊக்கம் பெற்ற பொஹீமிய நாட்டு யான் ஹுஸ் அவ்வாண்டே உயிரோடு எரிக்கப்பட்டார். 1428இல் விக்லிஃபின் எலும்புகளை எரித்து, சாம்பலை ஸ்விஃப்ட் ஆற்றில் கரைத்தனர்.

கத்தோலிக்க சபையின் பதிலையும் நாம் நீதியுடன் சொல்ல வேண்டும். வேதம் மட்டுமல்ல, அப்போஸ்தலர் வழி வந்த பாரம்பரியமும் ஆதாரமே. வேதத்துக்குப் பொருள் சொல்லும் அதிகாரம் சபைக்கே உண்டு என்பது அதன் நிலை. இன்றும் அது மாறவில்லை. ஆயினும் விசுவாசிகள் அனைவருக்கும் வேதம் எளிதில் கிடைக்க வேண்டுமென்று 1965இல் வத்திக்கான் சங்கமே அறிவித்தது. ஹுஸின் கொடிய மரணத்துக்காக 1999இல் போப் இரண்டாம் ஜான் பால் வருத்தம் தெரிவித்தார்.

பிறருடைய வழக்கத்துக்கு ஆதாரம் கேட்பது எவருக்கும் எளிது. தமக்கு அரணாக நிற்பவர் தடுக்கும்போதும், தாம் வாழும் சபையை நோக்கி அதே கேள்வியைக் கேட்பதே அரிது. விக்லிஃபின் வாழ்வில் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது இதுவே.