சர்க்கரையில் கோயில் கட்டிய சமையல்காரர்

பாரிஸ் நகரம். பிரெஞ்சுப் புரட்சி நடந்த காலம். ரொட்டிக்குக்கூடப் பஞ்சம்.

ஓர் ஏழைத் தொழிலாளி தன் மகனைக் கையைப் பிடித்து அழைத்துச் சென்றார். வீட்டில் ஏராளமான பிள்ளைகள். எல்லோருக்கும் சாப்பாடு போட அவரால் முடியவில்லை. எங்காவது போய்ப் பிழைத்துக்கொள் என்று சிறுவனைத் தெருவில் விட்டுவிட்டுத் திரும்பிவிட்டார் என்று சொல்வார்கள். அப்போது அவனுக்குச் சுமார் 10 வயது.

பின்னாளில் அந்தச் சிறுவன் மன்னர்களுக்கு விருந்து சமைத்தான். உலகப் புகழ் பெற்றான்.

அவன் பெயர் மாரி அந்துவான் கரேம்.

சாப்பாட்டுக் கடையில்

ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையில் அவனுக்கு இடம் கிடைத்தது. எடுபிடி வேலை. கூலி, சாப்பாடும் படுக்க இடமும்தான். அங்கேதான் அவன் அடுப்படியைக் கற்றுக்கொண்டான்.

சில ஆண்டுகள் கழிந்தன. விவியன் தெருவில் பெய்லி என்பவரின் இனிப்புக் கடை இருந்தது. பாரிசில் பெயர் பெற்ற கடை அது. கரேம் அங்கே வேலைக்குச் சேர்ந்தார்.

முதலாளி நல்ல மனிதர். இளைஞரின் ஆர்வத்தை அவர் கவனித்தார். பக்கத்திலேயே தேசிய நூலகம் இருந்தது. அங்கே போய்ப் படங்களைப் பார்க்க வேலை நேரத்தில்கூட அனுமதி கொடுத்தார்.

கரேம் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவர் அல்ல. எழுத்துக் கூட்டிப் படித்துத் தாமே முன்னேறியவர். நூலகத்தில் அவர் தேடிப் பிடித்தவை சமையல் புத்தகங்கள் அல்ல, கட்டடப் படங்கள்! கிரேக்கக் கோயில், ரோமாபுரியின் இடிந்த மண்டபம், எகிப்தின் பிரமிடு, சீனக் கோபுரம். எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து வரைந்தார்.

சர்க்கரைக் கோயில்

வரைந்தவற்றைக் கடைக்கு வந்து கட்ட ஆரம்பித்தார். கல்லால் அல்ல, சர்க்கரையால்!

சர்க்கரையை நைசாகப் பொடி செய்வார்கள். ஊறவைத்த பிசினையும் மாவையும் அதோடு சேர்த்துப் பிசைவார்கள். சப்பாத்திபோல் தேய்த்து, வேண்டிய வடிவில் வெட்டிக் காயவைப்பார்கள். காய்ந்ததும் அது பலகைபோல் விறைத்துவிடும். அதுதான் சுவர், அதுதான் தூண். பாதாம் விழுதில் பூவும் இலையும் செய்வார்கள். சர்க்கரைப் பாகை நூல்போல் இழுத்தால் அருவி தயார்.

இப்படிப் பல அடி உயரக் கட்டடங்கள் எழுந்தன. கடை ஜன்னலில் வைத்ததும் பாரிஸ் மக்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பணக்காரர்கள் தங்கள் விருந்து மேஜைக்கு நடுவே வைக்க அவற்றை வாங்கினார்கள்.

அவற்றில் பல, பார்ப்பதற்கென்றே செய்தவை. விருந்தாளிகளுக்கு அவற்றைப் பிய்த்துத் தின்ன மனம் வராது. பசியின் கொடுமையால் தெருவுக்கு வந்த பிள்ளை, தின்ன மனம் வராத பலகாரம் செய்தார்!

மன்னர்களின் மேஜை

பிரான்சின் வெளிநாட்டு மந்திரி தாலிராண். நல்ல விருந்து வைத்து நாட்டுக் காரியங்களைச் சாதிப்பதில் கெட்டிக்காரர். அவர் கரேமைத் தம் விருந்துகளுக்கு அழைத்துக்கொண்டார். 1814-ம் ஆண்டு ரஷ்யச் சக்கரவர்த்தி முதலாம் அலெக்சாந்தர் பாரிசுக்கு வந்து தாலிராண் வீட்டில் தங்கினார். அவருக்கும் சமைத்தவர் கரேம்தான்.

1816-ல் இங்கிலாந்து இளவரசர் அவரை வரவழைத்தார். பின்னால் நான்காம் ஜார்ஜ் மன்னரானவர் இவர். 1817 ஜனவரியில் பிரைட்டன் அரண்மனையில் ஒரு பெரிய விருந்து நடந்தது. அன்று பரிமாறப்பட்ட பதார்த்தங்கள் 100-க்கும் மேல்!

ஆனால் இங்கிலாந்தின் பனிமூட்டம் கரேமுக்கு ஒத்துவரவில்லை. அவர் பாரிசுக்கே திரும்பினார். கடைசியில் பெரும் பணக்காரர் ரோத்சைல்டின் மாளிகையில் சமையல் தலைவரானார்.

1829-ல் அங்கே அயர்லாந்து எழுத்தாளர் லேடி மார்கன் விருந்துக்கு வந்தார். மேஜையில் ஒரு பலகார மண்டபம். அதன் தூணில் சர்க்கரை இழையால் ஒரு பெயர் எழுதியிருந்தது. பார்த்தால் அது அவருடைய பெயர்! அவர் மகிழ்ந்துபோய் அந்த விருந்தைப்பற்றித் தம் புத்தகத்தில் எழுதினார்.

கரிப்புகை

மேஜையில் இருந்த அழகு அடுப்படியில் இல்லை.

அந்தக் காலத்து அரண்மனைச் சமையலறைகளில் எரிந்தது அடுப்புக் கரி. உணவு ஆறிவிடக் கூடாது என்று பரிமாறும் நேரத்தில் ஜன்னல்களை மூடிவிடுவார்கள். உள்ளே அனல், புகை. சமையல்காரர்கள் அந்தக் காற்றையே சுவாசித்தார்கள். கரிதான் தங்களைக் கொல்கிறது என்பது கரேமுக்குத் தெரிந்தே இருந்தது. இருந்தும் அவர் அடுப்பை விடவில்லை.

உடல் தளர்ந்தது. 1833-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி பாரிசில் காலமானார். வயது 50-கூட நிறையவில்லை.

கரையாத எழுத்து

சர்க்கரை நிலைக்காது என்பதை அவர் மறக்கவில்லை. ஈரம் பட்டால் இளகும், நாளானால் உதிரும். ஆகையால் கட்டியதையெல்லாம் படமாக வரைந்தார், செய்முறையை எழுதினார். 1815-ல் அவருடைய இனிப்புக் கலை நூல்கள் வெளிவந்தன. பிரெஞ்சுச் சமையலைப்பற்றி ஐந்து பாகங்களில் பெரிய நூல் எழுதத் தொடங்கினார். மூன்று பாகங்களை அவர் முடித்தார். மீதி இரண்டையும் இன்னொரு சமையல்காரர் எழுதி நிறைவேற்றினார்.

அவர் கட்டிய சர்க்கரைக் கோயில்களில் ஒன்றுகூட இன்று இல்லை. புத்தகங்கள் இருக்கின்றன. இளமையில் அவர் வேலைக்கு நடுவே ஓடிப்போய்ப் படம் பார்த்த அந்தத் தேசிய நூலகத்திலேயே அவை பத்திரமாக இருக்கின்றன!