பிரதமர் ஈடனின் பித்தக்கான்

சுயஸ் கால்வாய் என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவர் எகிப்தின் ஜமால் அப்துல் நாஸர். அவரை எதிர்த்து நின்ற பிரித்தானியப் பிரதமர் சேர் அன்ரனி ஈடனின் கதையில், வயிற்றுக்குள் இருக்கும் ஒரு மெல்லிய குழாய்க்கும் இடமுண்டு.

ஈடன் 1897இல் இங்கிலாந்தின் டர்ஹம் பகுதியில் பிறந்தார். முதலாம் உலகப் போர் அவரது சகோதரர் இருவரைப் பறித்தது. அவரும் அப்போரில் போராடி வீரப்பதக்கம் பெற்றார். பின்னர் ஒக்ஸ்போர்டில் பாரசீகமும் அரபும் கற்று முதல் வகுப்பில் தேறினார். அரபு படித்தவரே பின்னாளில் அரபு மண்ணில் குண்டு வீச உத்தரவிட்டார் என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. 38 வயதில் வெளிநாட்டமைச்சரான அவரே சேர்ச்சிலுக்கு அடுத்த பிரதமர் என்று பலரும் எதிர்பார்த்தனர்.

1953 ஏப்ரலில், பித்தக்கற்களுக்காக இலண்டனில் அவரது பித்தப்பை அகற்றப்பட்டது. பித்தப்பை இல்லாமலும் மனிதன் வாழலாம். பித்தத்தைச் சுரப்பது ஈரல். பை அதைச் சேமித்துச் செறிவாக்குகிறது. கொழுப்புணவு முன்சிறுகுடலை அடைந்ததும் அங்குள்ள கலங்கள் கோலிசிஸ்ரோகைனின் என்ற ஓமோனைச் சுரக்கும். உடனே பை சுருங்கி, பித்தம் கான் வழியே குடலுக்கு வரும். பித்தவுப்புக்கள் கொழுப்பைச் சிறு துளிகளாக உடைத்துக் கொடுத்தால்தான் சதையியின் இலிப்பேசு நொதியம் நன்றாக வேலை செய்யும். பை இல்லாவிட்டால் பித்தம் ஈரலிலிருந்து நேரே சிறிது சிறிதாக வடியும், அவ்வளவுதான். கான் பழுதானால் நிலைமை வேறு. கொழுப்பு சமிபாடடையாமல் மலத்தோடு போகும். கொழுப்பில் கரையும் ஏ, டீ, ஈ, கே விற்றமின்களும் உடலில் சேரா. கே குறைந்தால் குருதி உறையத் தாமதமாகும். தேங்கிய பித்தத்தால் கண்ணும் தோலும் மஞ்சளாகும். அதில் கிருமி தொற்றினால் நடுக்கத்துடன் கடுங்காய்ச்சல் வரும்.

ஈடனுக்குப் பழுதானது கான்தான். அதே மாதத்தில் மறுபடியும் வயிற்றைத் திறந்தார்கள். ஜூனில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் மூன்றாவது சத்திரசிகிச்சை நடந்தது. அவர் அங்கே படுத்திருந்தபோதுதான் இலண்டனில் சேர்ச்சில் பக்கவாதத்தால் விழுந்தார். ஈடன் நலமாயிருந்தால் அப்போதே பிரதமராகியிருக்கக்கூடும். 1955 வரை காத்திருக்க நேர்ந்தது.

காய்ச்சல் அவரை முற்றாக விட்டுப் போகவில்லை. 1956 ஜூலை 26இல் நாஸர் கால்வாயைத் தேசியமயமாக்கினார். ஒக்டோபர் தொடக்கத்தில், வைத்தியசாலையில் இருந்த மனைவியைப் பார்க்கச் சென்ற ஈடன், 106 பாகை பரனைற் காய்ச்சலோடு தாமும் அங்கே படுக்க வேண்டியதாயிற்று. அம்மாத இறுதியில், பிரான்ஸுடனும் இஸ்ரேலுடனும் இரகசியமாகச் செய்த ஏற்பாட்டின்படி எகிப்து தாக்கப்பட்டது. அமெரிக்கா ஆதரவு தர மறுத்தது. நவம்பர் 6இல் போர் நிறுத்தம். 1957 ஜனவரி 9இல் உடல்நலத்தைக் காரணம் காட்டி ஈடன் பதவி விலகினார்.

நோய்தான் அவரது புத்தியைத் தடுமாற வைத்தது என்று கூறுவோர் உண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. நோய் அவரது உறக்கத்தையும் பொறுமையையும் கெடுத்திருக்கலாம். ஆனால் எகிப்தின் மண்ணில் ஓடும் கால்வாய் தங்கள் பிடியில் இருக்க வேண்டும் என்ற எண்ணம் பித்தத்தால் வந்ததல்ல. அமைச்சரவையில் அவருடன் தலையசைத்தவர்களுக்குக் கான் பழுதாகியிருக்கவில்லையே! போர்ட் செய்ட் நகரில் உயிரிழந்த மக்களின் கணக்கை ஒரு காய்ச்சலின் மேல் எழுதிவிட முடியாது.

பதவி விலகிய சில மாதங்களில் பொஸ்டனில் அவருக்கு மீண்டும் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. அதன்பின் ஏறத்தாழ 20 ஆண்டுகள் வாழ்ந்த ஈடன், 1977 ஜனவரி 14இல் தமது 79ஆவது வயதில் காலமானார்.