தாயின் பாட்டும் தந்தையின் கதையும்: தியாகராஜ சுவாமிகளின் இளமை

சோழ வளநாட்டின் பழம்பெரும் பதியாகிய திருவாரூருக்குப் பெருமைகள் பல உண்டு. ஆழித்தேரும் கமலாலயத் திருக்குளமும் உலகறிந்தவை. கருநாடக இசையின் மும்மூர்த்திகள் எனப் போற்றப்படும் மூவரும் அத்திருத்தலத்திலேயே பிறந்தனர் என்பது அவ்வூருக்கு வாய்த்த தனிப்பெரும் பேறு. 1762 ஆம் ஆண்டில் சியாமா சாஸ்திரிகளும், 1767 ஆம் ஆண்டு மே திங்கள் 4 ஆம் நாளில் தியாகராஜ சுவாமிகளும், அடுத்த பத்தாண்டுகளுக்குள் முத்துசுவாமி தீட்சிதரும் அங்கே அவதரித்தனர்.

தை மாத ஆராதனை நாளில் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இசையன்பர்கள் ஒன்றுகூடிப் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடி சுவாமிகளுக்கு அஞ்சலி செலுத்துகின்றனர். அந்தச் சங்கீதப் பெருவெள்ளத்தின் ஊற்று ஓர் எளிய வீட்டின் கூடத்தில் இருந்தது. மகான்களின் சரிதம் எழுதுவோர் குருவைப் பற்றியும் அரசவையைப் பற்றியும் விரிவாகச் சொல்லிவிட்டு, பெற்றோரை ஓரிரு வரிகளில் முடித்துவிடுவதுண்டு. தியாகராஜ சுவாமிகளின் வாழ்வில் அவ்வாறு செய்வது பெரும்பிழையாகும். அவர் பாடியவற்றுள் பெரும்பகுதி, பால் மணம் மாறாத வயதில் அவர் காதில் விழுந்ததன் விரிவே எனலாம்.

சுவாமிகளின் தந்தையார் காகர்ல இராமபிரம்மம், தாயார் சீதம்மா. ஆந்திர நாட்டின் காகர்ல என்னும் சிற்றூரைப் பூர்வீகமாகக் கொண்டு, தலைமுறைகளுக்கு முன்பே காவிரிக் கரைக்கு வந்து குடியேறிய தெலுங்கு அந்தணர் குடும்பம் அது. மூன்றாவது மகனாகப் பிறந்த குழந்தைக்குத் திருவாரூர்ப் பெருமானின் திருநாமமே சூட்டப்பெற்றது. இராமனையே வழிபட்ட குடும்பத்தில் பிறந்து, இராமனையே பாடி வாழ்ந்த பக்தருக்குச் சிவபெருமானின் பெயர் அமைந்தது. சைவ வைணவ பேதம் பேசுவோர் இதனைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

பிள்ளை சிறுவனாக இருக்கும்போதே குடும்பம் திருவையாற்றுக்குக் குடிபெயர்ந்தது. தஞ்சை மராட்டிய மன்னர் துளஜா அவ்வூர்த் திருமஞ்சன வீதியில் இல்லம் ஒன்றை அளித்தார் என்பர். திருவையாறு சாதாரண ஊரன்று. அப்பர் பெருமானுக்கு இறைவன் திருக்கயிலைக் காட்சி தந்தருளிய தலம் அது. ஐயாறப்பர் சன்னிதியில் தேவாரம், வீதியில் தமிழ், வீட்டில் தெலுங்கு, பூஜையறையில் சமஸ்கிருதம் என்று அந்தக் குழந்தையைச் சுற்றிலும் பல மொழிகள் ஒலித்தன. தாயாரின் பாட்டின் வழியே கன்னடமும் வந்து சேர்ந்தது.

சீதம்மையார் இனிய குரல் வாய்த்தவர். அரங்கேறிப் பாடியவரல்லர். வீட்டு வேலைகளுக்கு நடுவே, பிள்ளையை மடியில் இருத்தியும் தொட்டிலில் இட்டும், தாம் அறிந்த பக்திப் பாடல்களைப் பாடியவர். புரந்தரதாசரின் கன்னடக் கீர்த்தனைகளையும், பத்ராசலம் இராமதாசரின் தெலுங்குப் பாடல்களையும், ஜெயதேவரின் அஷ்டபதிகளையும் அவரே மகனுக்கு முதன்முதலில் கற்பித்தார் என்று வழிவழியாகக் கூறப்படுகிறது. முறையான குருவிடம் சேர்வதற்கு முன்பே பிள்ளை அவற்றைப் பாடப் பழகியிருந்தது.

இப்பாடல்கள் வெறும் இசையாக மட்டும் பிள்ளையிடம் வந்து சேரவில்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கதை உண்டு. புரந்தரதாசர் செல்வத்தில் திளைத்த வணிகர். அனைத்தையும் துறந்து தம்பூராவை ஏந்தி வீதியில் பாடிச் சென்றவர். பத்ராசலம் இராமதாசரோ கோல்கொண்டா சுல்தானின் அதிகாரி. அரசாங்க வரிப்பணத்தைக் கொண்டு இராமபிரானுக்குக் கோயில் எழுப்பியமையால் பல்லாண்டுகள் சிறையில் வாடியவர். இராமலட்சுமணரே வந்து பணத்தைச் செலுத்தி அவரை மீட்டனர் என்பது பக்தர்கள் போற்றும் வரலாறு. பாட்டைக் கேட்ட பிள்ளை இந்த வரலாறுகளையும் கேட்டே வளர்ந்தது.

தாயார் பாட்டைத் தந்தார் என்றால், தந்தையார் இராமாயணத்தைத் தந்தார். இராமபிரம்மம் வால்மீகி இராமாயணத்தை விரித்துரைப்பதில் வல்லவர். ஸ்ரீராம நவமி நாட்களில் தஞ்சை அரண்மனையில் அவர் பிரவசனம் செய்ய, சிறுவனாகிய தியாகராஜர் அருகில் அமர்ந்து சுலோகங்களை வாசிப்பார் என்பர். மூல நூலை வாய்விட்டுப் படிப்பதும், அதன் பொருளைத் தந்தை வாயிலாகச் சபை நடுவே கேட்பதும் ஒருசேர வாய்த்த பிள்ளைக்கு, இராமகாதை தன் குடும்பத்தார் கதையாகவே ஆகிவிட்டதில் வியப்பில்லை.

ஊரில் நெருப்பு, வீட்டில் கீர்த்தனை

இவை யாவும் அமைதியான காலத்தில் நிகழ்ந்தன என்று எண்ணிவிடலாகாது. 1773 ஆம் ஆண்டில் ஆற்காட்டு நவாபின் படை தஞ்சையைக் கைப்பற்றி மன்னரைச் சிறைப்படுத்தியது. அப்போது தியாகராஜருக்கு வயது ஆறு. மூன்றாண்டுகளுக்குப் பின்னரே துளஜா மன்னர் மீண்டும் அரியணை ஏறினார். 1781 ஆம் ஆண்டில் ஹைதர் அலியின் படை தஞ்சை நாட்டுக்குள் புகுந்து ஊர்களைச் சூறையாடியது. நெற்களஞ்சியம் எனப்பட்ட நாட்டில் பஞ்சம் தலைவிரித்தாடியது. சுவாமிகள் அப்போது பதினான்கு வயதுச் சிறுவர். கலைஞரை ஆதரித்த அரண்மனையே ஆட்டங்கண்ட காலத்தில், அடுத்த தலைமுறைக்குச் சங்கீதத்தைக் கொண்டுசெல்லும் பொறுப்பு வீட்டுக் கூடங்களையும் பூஜையறைகளையும் சார்ந்திருந்தது. சீதம்மையாரைப் போன்ற தாய்மார்கள் பாடுவதை நிறுத்தியிருந்தால் நமக்கு எவ்வளவு கிடைத்திருக்கும் என்பதைக் கற்பனை செய்யவும் அச்சமாக இருக்கிறது.

மகனுடைய நாட்டத்தைத் தந்தையார் கண்டுகொண்ட விதத்தைக் கூறும் செய்தி ஒன்று உண்டு. தந்தையின் பூஜைக்கு மலர் கொய்து வருவது சிறுவனின் அன்றாடக் கடமை. போகும் வழியில் அரண்மனை வித்துவான் சொண்டி வெங்கடரமணய்யாவின் இல்லம். அங்கே சீடர்களுக்குப் பாடம் நடக்கும் வேளையில், பூக்கூடையுடன் சிறுவன் வெளியே நின்று கேட்டுக்கொண்டிருப்பானாம். பூ வரத் தாமதமாவதன் காரணத்தை அறிந்த இராமபிரம்மம், பிள்ளையைக் கடிந்துகொள்ளாமல் அந்த வித்துவானிடமே கொண்டுபோய்ச் சேர்த்தார். குருவிடம் கற்ற காலம் நீண்டதன்று. தொட்டிலிலிருந்தே கேட்டுப் பழகிய செவிக்கு அதற்குமேல் தேவைப்படவில்லை போலும்.

ஏறத்தாழப் பதின்மூன்று வயதில் சுவாமிகள் இயற்றிய முதற்பாடல் தேசிய தோடி இராகத்தில் அமைந்த நமோ நமோ ராகவாய என்னும் கீர்த்தனை என்பர். அதனை வீட்டுச் சுவரில் எழுதிவைத்தாராம். சுவரில் பிள்ளை கிறுக்கினால் அடிக்கக் கை ஓங்குவது உலக இயல்பு. இராமபிரம்மமோ அதனைப் படித்து மகிழ்ந்து, தமக்கு நெருங்கிய புலவர்களுக்கும் காட்டினார் என்று சரிதம் கூறுகிறது.

தந்தையார் மறைந்தபின் வீட்டில் பிணக்கு மூண்டது. பாடிப் பொருள் சேர்க்கவில்லை என்று மூத்த தமையனார் சினந்தார். தஞ்சையில் சரபோஜி மன்னரின் அழைப்பு வந்தும் சுவாமிகள் செல்லவில்லை. செல்வம் சுகமா, இராமன் சன்னிதியில் தொண்டு செய்வது சுகமா என்று தம் மனத்தையே வினவும் பொருளில் அமைந்த கல்யாணி இராகக் கீர்த்தனை அதனையொட்டிப் பிறந்தது என்பர். வெகுண்ட தமையனார் பூஜைக்குரிய இராம விக்கிரகங்களைக் காவிரியில் எறிந்துவிட்டார் என்பதும், சுவாமிகள் அல்லும் பகலும் அழுது தேடி அவற்றை மீண்டும் பெற்றார் என்பதும் யாவரும் அறிந்தவை. பெற்றோர் விட்டுச் சென்ற செல்வம் அவருக்கு அந்த விக்கிரகங்களும், அவற்றின் முன்னிலையில் கேட்ட பாட்டும் கதையுமே. தம்பூராவை ஏந்தி வீதியில் உஞ்சவிருத்தி செய்து அரிசி பெற்றுச் சீடர்களுக்கும் அன்னமிட்டார். தொட்டிலில் கேட்ட புரந்தரதாசரின் வாழ்க்கையையே தம் வாழ்க்கையாக ஆக்கிக்கொண்டார்.

கேட்டவை பாட்டாயின

சுவாமிகளின் கீர்த்தனைகளில் ஏறத்தாழ எழுநூறு இன்று கிடைக்கின்றன. அவற்றுள் சிலவற்றை இக்கண்கொண்டு நோக்கினால் மெய்சிலிர்க்கும். தேவகாந்தாரி இராகத்தில் அமைந்த க்ஷீரசாகர சயன என்னும் கீர்த்தனையில், தம்மைக் கவலையில் ஆழ்த்தலாமா என்று இராமனிடம் முறையிடுகிறார். யானையரசனைக் காக்க விரைந்து வந்தது, மங்கையருக்குச் சேலை அளித்து மானம் காத்தது, இராமதாசரின் கட்டை அவிழ்த்தது, சீதைக்காகக் கடல் கடந்தது ஆகியவற்றைச் சொல்லி, ஒவ்வொன்றின் முடிவிலும் தாம் அதனைக் கேட்டிருப்பதாகவே கூறுகிறார். படித்ததாகவோ கண்டதாகவோ கூறவில்லை. சிறுவயதில் சொல்லப்பட்ட கதைகளை நம்பி வளர்ந்த ஒருவர், துன்பம் வந்த வேளையில் அக்கதைகளையே சான்றாகக் காட்டி இறைவனிடம் வழக்காடுவதாக அப்பாடல் அமைந்திருக்கிறது.

மத்தியமாவதியில் பாடப்படும் அலகலல்ல என்னும் கீர்த்தனையைக் காண்போம். பாலகனாகிய இராமனின் நெற்றியில் முன்மயிர் அசைந்தாடக் கண்டு விசுவாமித்திரர் எவ்வாறு பூரித்தாரோ என்று வியக்கிறார். மாரீசனை அடக்கியதும் சிவதனுசு முறிந்ததும் பெரிய நிகழ்ச்சிகள். அவற்றுக்கு நடுவே ஒரு பிள்ளையின் தலைமயிர் அசைவதைக் கண்டு நிற்பது, பெற்ற மனத்தோடு கதை கேட்டவருக்கே கைவரும்.

வசந்தா இராகத்தில் உள்ள சீதம்ம மாயம்ம என்னும் கீர்த்தனை இந்தச் சரிதத்துக்கே மகுடம் போன்றது. அதில் சீதையைத் தாயாகவும் இராமனைத் தந்தையாகவும் உரிமை கொண்டாடுகிறார். அனுமன், இலக்குவன், கருடன், பரதன் முதலியோரை உடன்பிறந்தவர்களாகக் கொள்கிறார். பரமேசுவரன், விநாயகர், முருகன், நாரதர், சுகர் முதலியோர் உற்றார் உறவினராகின்றனர். ஈன்ற தாயின் பெயர் சீதம்மா, தந்தையின் பெயர் இராமபிரம்மம் என்பதை அறிந்து கேட்போர்க்கு, தெய்வத் தம்பதியும் பெற்றோரும் ஒரே பாட்டில் வணங்கப்படுவது விளங்கும். உடன்பிறந்த தமையனாரால் வருந்தியவர் அனுமனையும் பரதனையும் சகோதரர்களாகக் கொண்டார் என்பதும் கருதத்தக்கது.

தாயாரின் குரல் மிகத் தெளிவாகக் கேட்பது உத்சவ சம்பிரதாயக் கீர்த்தனைகளில்தான். இறைவனைத் துயில் எழுப்பவும், ஊஞ்சலில் ஆட்டவும், ஆரத்தி எடுக்கவும், தாலாட்டித் துயிலச் செய்யவும் எளிய மெட்டில் அமைந்த பாடல்கள் இவை. நீலாம்பரியில் ஊஞ்சல், பௌளியில் திருப்பள்ளியெழுச்சி என்று நாளின் ஒவ்வொரு பொழுதுக்கும் பாட்டு உண்டு. ஒரு தாய் தன் பிள்ளைக்கு விடியல் முதல் இரவு வரை செய்யும் பணிவிடைகள் அத்தனையையும் சுவாமிகள் இராமனுக்குச் செய்தார். பிரகலாத பக்தி விஜயம் என்னும் இசை நாடகத்தின் தொடக்கத்தில் புரந்தரதாசரை வணங்கவும் அவர் மறக்கவில்லை. அந்நாடகமும், இளம்பிள்ளை ஒருவன் கேட்டறிந்த நாமத்தைக் கைவிடாத கதையே.

சுவாமிகளுக்கு ஒரே மகள். பெயர் சீதாலட்சுமி. அவளது திருமணத்துக்கு வந்த சீடர்களுள் வாலாஜாபேட்டை வெங்கடரமண பாகவதர், சீதாராமர் படம் ஒன்றைத் தம் ஊரிலிருந்து கால்நடையாகவே சுமந்து வந்து சமர்ப்பித்தார் என்பர். படத்தைக் கண்ட சுவாமிகள், தம்மைக் காக்க இராமன் நடந்தே வந்துவிட்டான் என்று உருகி மோகன இராகத்தில் பாடினார். அத்தகைய சீடர்கள் ஓலையில் எழுதியும் நெஞ்சில் இருத்தியும் காத்தமையால்தான் அப்பாடல்கள் நம்மை வந்தடைந்தன.

1847 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 6 ஆம் நாள், புஷ்ய பகுள பஞ்சமி திதியில், துறவு மேற்கொண்டிருந்த சுவாமிகள் திருவையாற்றில் சித்தியடைந்தார். காவிரிக் கரையில் அமைந்த சமாதி காலப்போக்கில் கவனிப்பாரின்றிக் கிடந்தது. பெங்களூர் நாகரத்தினம்மாள் தம் சொந்தச் செல்வத்தைக் கொண்டு 1921 ஆம் ஆண்டில் அங்கே திருப்பணி தொடங்கி, பின்னர் குடமுழுக்கும் செய்வித்தார்.

சுவாமிகளின் சீதா கல்யாணப் பாடல் இன்றும் நம் திருமண மண்டபங்களில் ஒலிக்கிறது. மலேசியாவில் தெலுங்கு மக்கள் தோட்டப்புறங்களில் எழுப்பிய இராம பஜனை மந்திரங்களிலும், நம் ஆலயங்களின் பஜனைகளிலும் இராமநாமம் பாடப்படுகிறது. பாடும் தாய்மார்களின் மடியில் குழந்தைகள் உறங்கிக்கொண்டோ கைதட்டிக்கொண்டோ இருப்பதை எவரும் காணலாம்.