துன்பக்கேணி தந்த புதுமைப்பித்தன்

திகில் கதை என்றதும் அமெரிக்காவின் எட்கர் அலன் போவைச் சொல்வார்கள். தமிழில் அந்த இருட்டுக்குள் துணிந்து நடந்தவர் புதுமைப்பித்தன். இயற்பெயர் சொ. விருத்தாசலம். 1906-ல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். எட்டு வயதில் தாயை இழந்தார். திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் பட்டம் பெற்றபின் சென்னைக்குச் சென்று பத்திரிகைகளில் பணிபுரிந்தார்.

மேரி ஷெல்லியின் பிராங்கன்ஸ்டைன் நாவலை 'பிரேத மனிதன்' என்று தமிழாக்கினார். 1943-ல் வந்த 'காஞ்சனை'யில், வேலைக்காரியாக வீட்டுக்குள் வந்தவள் மனுஷியா, பேயா என்பது கடைசிவரை தெளிவதில்லை. இன்றும் இரவில் தனியே வாசிக்கத் தயக்கம் வரும்.

ஆயினும் மலையகப் பெண்களாகிய எமக்கு அவர் எழுதிய மிகப் பயங்கரமான கதை 'துன்பக்கேணி'தான். 1935-ல் 'மணிக்கொடி'யில் வந்தது. அதில் பேய் கிடையாது. திருநெல்வேலிச் சீமைக் கிராமமொன்றின் மருதி, பிழைப்புக்காக இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வருகிறாள். அதிகாரம் உள்ளவர்களின் கையில் அவள் வாழ்வு சிதைகிறது, நோயும் பற்றுகிறது. அவளைக் காப்பாற்ற வேண்டிய எவருக்கும் அவள் ஓர் ஆளாகவே தெரியவில்லை. மருத்துவராக வாசிக்கையில் அந்த அலட்சியமே என்னை அதிகம் நடுங்க வைக்கிறது.

திரைப்பட வேலையாகப் புனே சென்றவரைக் காசநோய் பீடித்தது. அதற்கான ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து 1943-லேயே அமெரிக்காவில் கண்டறியப்பட்டிருந்தும், 1948-ல் திருவனந்தபுரத்தில், 42 வயதில் காலமானார்.

நம்மில் பலருடைய பூட்டிமார் மருதி வந்த வழியிலேயே வந்தவர்கள். தம் கதையை எழுதிவைக்க அவர்களுக்கு எழுத்து வாய்க்கவில்லை. எழுத்தறிந்த தங்கைமார் 'துன்பக்கேணி'யைத் தேடி வாசிக்க வேண்டும்.