ஜேம்ஸ் வாட்டும் கூட்டாளிகளும்

ஜேம்ஸ் வாட் என்றதும், கெண்டியின் மூடி ஆடக் கண்ட சிறுவனின் கதையே பலர்க்கும் நினைவிற்கு வரும். அக்கதை செவிக்கு இனியது; பொறி பிறந்த வரலாறோ நெடியது.

1736-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் கிரீனாக் நகரில் பிறந்த வாட், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவிகள் செய்யும் பணியில் அமர்ந்தார். அங்கே நியூகோமன் பொறியின் மாதிரி ஒன்று பழுது பார்ப்பதற்காக அவர் கைக்கு வந்தது. அப்பொறியின் உருளை மாறி மாறிச் சூடேறிக் குளிர்ந்தது; அதனால் நீராவியின் பெரும்பகுதி வீணாயிற்று. நீராவியைத் தனிக்கலம் ஒன்றில் குளிர்வித்தால் உருளை எப்போதும் சூடாகவே இருக்கும் என்பது 1765-இல் அவருக்குப் புலப்பட்டது.

எண்ணம் உதித்தது, பொறியோ எளிதில் உருவாகவில்லை. கேரன் இரும்பாலையை நிறுவியோருள் ஒருவரான ரோபக் பொருளுதவி செய்தார். 1769-இல் காப்புரிமை கிடைத்தது. ஆயினும் உருளையின் உட்புறம் சீராக அமையவில்லை. அதனுள் ஏறி இறங்கும் ஆடுதண்டைச் சுற்றித் துணி, தக்கை முதலியன அடைத்தும் நீராவி கசிந்தது. குடும்பத்தைக் காக்க வாட் கால்வாய்களுக்கு நிலம் அளக்கப் போனார். 1773-இல் ரோபக் கடனில் மூழ்கினார். அவ்வாண்டே வாட்டின் மனைவியும் மறைந்தார்.

அந்நிலையில் பர்மிங்காமுக்கு அருகே சோஹோவில் பெருந்தொழிற்சாலை நடத்திவந்த மாத்யூ போல்டன், ரோபக்கின் பங்கைத் தாம் ஏற்றார். 1774-இல் வாட் அங்குச் சென்றார். நுண்வேலை வல்லார் பலர் அங்கிருந்தனர். பேருருளையைப் பிழையின்றிக் குடையும் எந்திரம் மட்டும் இல்லை. அக்குறையை நீக்கியவர் ஜான் வில்கின்சன். பீரங்கி துளைப்பதில் தேர்ந்த அவர், வெட்டலகைத் தாங்கும் தண்டினை இருமுனையிலும் ஊன்றி நிறுத்தி உருளையைக் குடைந்தார். 50 அங்குல உருளையிலும் பிழை ஒரு பழைய ஷில்லிங் நாணயத்தின் கனத்தைத் தாண்டவில்லை. 1776-இல் முதற்பொறிகள் இயங்கின. ஒன்று நிலக்கரிச் சுரங்கத்தில் நீர் இறைத்தது. மற்றொன்று வில்கின்சனின் உலைக்கே காற்று ஊதியது.

பின்னர்ப் பல்லாண்டுகள் வரைபடம் வாட்டிடமிருந்தும், நுண்ணுறுப்புகள் சோஹோவிலிருந்தும், உருளைகள் பெரும்பாலும் வில்கின்சனிடமிருந்தும் வந்தன. மற்றவற்றைப் பொறி வேண்டியவரே செய்வித்துக்கொண்டார். மிச்சமாகும் எரிபொருளின் விலையில் மூன்றில் ஒரு பங்கே போல்டனும் வாட்டும் பெற்ற கட்டணம். வாங்குவோர்க்கு இதனினும் நேரிய ஏற்பாடு அந்நாளில் அரிது.

இக்கூட்டுறவு இறுதிவரை நிலைக்கவில்லை. வில்கின்சன் கட்டணம் செலுத்தாமல் மறைவாகப் பொறிகள் செய்தமை 1795-இல் வெளிப்பட்டது. போல்டனும் வாட்டும் தம் மைந்தரோடு சேர்ந்து வார்ப்பாலை நிறுவி, 1796 முதல் உருளைகளையும் தாமே செய்யலாயினர். 1800-இல் காப்புரிமை முடிந்ததும் வாட் ஓய்வு பெற்றார். 1819-இல் மறையும்வரை, வீட்டின் மாடியறையில் சிலைகளைப் படியெடுக்கும் கருவிகளைத் தனியே அமைத்துக்கொண்டிருந்தார்.