வணிகத்தால் அமைதி வளர்த்த காப்டன்

தானியச் சட்டங்களைப் பற்றிய வினாவுக்கு விடை எழுதும்போதெல்லாம் ரிச்சர்டு காப்டன் என்னும் பெயரை நானும் எழுதியிருக்கிறேன். 1846ஆம் ஆண்டோடு அவரை மறந்தும் இருக்கிறேன். அவர் வாழ்க்கையை முழுதாகப் படித்த பின்னரே, அவருடைய அருஞ்செயல் அதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு நிகழ்ந்தது என்பதை உணர்ந்தேன்.

இங்கிலாந்தில் சசெக்ஸ் பகுதியில், 1804ஆம் ஆண்டு, ஓர் உழவர் குடும்பத்தில் காப்டன் பிறந்தார். தந்தை நொடித்துப் போனார். பண்ணை கைவிட்டுப் போயிற்று. உறவினர் தயவில் சிறுவன் யார்க்‌ஷயர்ப் பள்ளி ஒன்றுக்கு அனுப்பப்பட்டான். அங்கே அவன் பெற்றது கல்வியைவிடத் துன்பமே மிகுதி. பின்னர் லண்டனில் உறவினரின் கிடங்கில் வேலை. அதன்பின் ஊர் ஊராகத் துணி விற்பனை. முடிவில் அச்சுத்துணித் தொழில் நடத்தி மான்செஸ்டரில் செல்வரானார்.

அந்தச் செல்வத்தைக் காத்துக்கொண்டு அவர் வாளா இருக்கவில்லை. ஏழையின் ரொட்டி விலையை உயர்த்திய தானியச் சட்டங்களை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் போராடினார். 1846இல் சட்டம் வீழ்ந்தது. ஆனால் கவனிப்பாரின்றி அவர் தொழில் நலிந்து போயிருந்தது.

நாடுகளிடையே வாணிகம் பெருகினால் போர் வெறி தணியும் என்பது அவர் கொள்கை. சீனாவின் கான்டன் நகரை ஆங்கிலேயர் தாக்கியதைக் கண்டித்து 1857இல் பாராளுமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். தீர்மானம் வென்றது, அடுத்து வந்த தேர்தலில் அவர் தோற்றார். அதற்கு முந்திய ஆண்டுதான் பதினைந்து வயது மகனைப் பறிகொடுத்திருந்தார். மனம் உடைந்து ஒதுங்க அவருக்குக் காரணம் குறைவா?

ஆயினும் அவர் ஒதுங்கவில்லை. 1859இல் இங்கிலாந்தும் பிரான்சும் ஒன்றையொன்று ஐயத்தோடு நோக்கின. பிரான்சு இரும்புக் கவசப் போர்க்கப்பல் கட்டியது. இங்கிலாந்து தொண்டர் படை திரட்டியது. அவ்வேளையில் பிரெஞ்சுப் பொருளியல் அறிஞர் மிஷேல் செவாலியே, இரு நாட்டு வணிக உடன்படிக்கை குறித்துக் காப்டனோடு கலந்து பேசினார். நிதியமைச்சர் கிளாட்ஸ்டனின் ஆதரவோடு, தொடக்கத்தில் தூதர் பதவி ஏதுமின்றியே, காப்டன் பாரிசுக்குச் சென்றார். தன் நாட்டு ஆலை முதலாளிகளின் எதிர்ப்பை எண்ணித் தயங்கிய பேரரசர் மூன்றாம் நெப்போலியனிடம் நேரில் எடுத்துரைத்தார்.

1860 ஜனவரி 23இல் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. பிரான்சு இறக்குமதித் தடைகளை நீக்கி, வரி 30 விழுக்காட்டுக்கு மேற்படாதென ஒப்பியது. இங்கிலாந்து பிரெஞ்சுத் திராட்சை மதுவின் வரியைக் குறைத்தது. பட்டு முதலிய பல பொருள்களின் வரியை நீக்கியது. மூன்றாம் நாடொன்றுக்கு அளிக்கும் சலுகை மற்றவருக்கும் உரியது என்ற விதியும் இடம்பெற்றது.

கையெழுத்தோடு வேலை முடியவில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியே வரி வகுக்க வேண்டும். மார்பு நோயால் நலிந்த காப்டன் மாதக்கணக்கில் பாரிசில் அமர்ந்து பேசினார். அந்த ஜூலையில் பிரதமர் பாமர்ஸ்டன், பிரெஞ்சுப் படையெடுப்பை மனத்திற்கொண்டு, கடற்கரைக் கோட்டைகளுக்குப் பாராளுமன்றத்தில் பெரும்பணம் கேட்டார். தம் அரசே தமக்குப் பின்னால் நின்று இவ்வாறு செய்தால் பேசுபவர் நிலை என்ன? காப்டன் மிக வருந்தினார். ஆனால் பேச்சைக் கைவிடவில்லை. நவம்பரில் பணி நிறைவேறியது. பாமர்ஸ்டன் அளிக்க முன்வந்த பட்டத்தை ஏற்க மறுத்துவிட்டார். 1865 ஏப்ரலில் அவர் மறைந்தார்.

வணிகம் போரை முற்றிலும் ஒழித்துவிடுமா? ஒழிக்காது என்பதே வரலாறு கூறும் விடை. 1862இல் பிரான்சும் பிரஷ்யாவும் வணிக உடன்படிக்கை செய்துகொண்டன. 1870இல் அவையே போரிட்டன. காப்டனின் நம்பிக்கை அளவு கடந்தது என்று அறிஞர் சொன்னால் நான் மறுக்கமாட்டேன். ஆனால் 1859இல் இங்கிலாந்தும் பிரான்சும் அஞ்சிய போர் மூளவில்லை. பகையைக் கிளறப் பலர் முந்திய நேரத்தில், பஞ்சுத் துணிக்கும் இரும்புக்கும் வரி பேசியபடியே ஒருவர் இரு நாடுகளையும் ஒரே மேசையில் அமர்த்தி வைத்திருந்தார்.

அமைதி பெரும்பாலும் ஆரவாரமின்றி, சலிப்பூட்டும் சிறு சிறு பேச்சுகளாலேயே வளர்கிறது. இனித் தேர்வில் காப்டன் பெயரை எழுதும்போது, 1846ஐ மட்டுமன்றி 1860ஐயும் நான் மறக்கமாட்டேன்.